கம்ப்யூட்டர்ல லிக்விட் கூலிங்கை (தண்ணியால சூட்டை இறக்குற முறை) சத்தமில்லாம ஓட்டினதுல இன்னும் மனசுல நிக்கிற ஒண்ணு: பகிருங்க

நீர்மட்டம்
360 மிமீ ஏஐஓ (பம்ப், ட்யூப், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து சீல் பண்ணி வர்ற கூலர்). ரேடியேட்டர் கேபினெட்டோட அடித்தட்டுல, பம்ப் அதை விட உயரத்துல, சிபியூ (பிராசசர்) மேல. காலையில ஆன் பண்ணினதும் களக் களக்னு சத்தம், கொஞ்ச நேரத்துல அடங்கிடும். "பம்ப் போச்சு, மாத்தணும்"னு கடையில சொல்லிட்டாங்களாம். பம்ப்ல ஒரு குறையும் இல்ல. சீல் பண்ணின ஏஐஓ எல்லாத்துலயும் கொஞ்சம் காத்து இருக்கும். ட்யூப் சுவர் வழியா வருஷக்கணக்குல தண்ணி ஆவியா கசியக் கசிய அந்தக் காத்து கூடும். அது போய் நிக்கிறது லூப்போட (தண்ணி சுத்தி வர்ற பாதை) உச்சியில. இங்க உச்சி எது? பம்ப்!

கேபினெட்டைப் படுக்க வச்சு, பம்பை 100% ஓட விட்டு, ரேடியேட்டர் பக்கத்தை மெதுவா மேல தூக்கினதும் கடைசியா ஒரு பெரிய குமிழ் போற சத்தம் ட்யூப்ல கேட்டுச்சு பாருங்க, அதுக்கப்புறம் முழு அமைதி. ரேடியேட்டரை கேபினெட் மேல்பக்கத்துக்கு மாத்தினதோட சத்தம் திரும்பவே இல்ல. மேல இடம் இல்லன்னா முன்பக்கம் மாட்டலாம். ரேடியேட்டரோட மேல் முனை பம்பை விட உயரமா இருக்கணும், ட்யூப் ரெண்டும் கீழ்ப்பக்கம் வந்தா இன்னும் நல்லது.

கோவை_கூலர்
இதையும் சேர்த்துக்கங்க. ஒரு மெஷின்ல ஏஐஓ பம்ப் வயரை மதர்போர்டோட CPU_FAN ஹெடர்ல (வயர் குத்துற முள் வரிசை) குத்தி, பயாஸ்ல (போர்டோட செட்டிங்) வழக்கமான ஃபேன் கர்வையே (எந்த வெப்பத்துக்கு எவ்வளவு வேகம்ங்கிற கோடு) விட்டிருந்தாங்க. பிரவுசர் திறந்தா பம்ப் கீச்சுனு ஏறும், மூடினா இறங்கும். AIO_PUMP ஹெடருக்கு மாத்தி ஒரே வேகத்துல நிறுத்தினதும் சரியாச்சு. மாத்தினப்புறம் CPU_FAN காலியா இருந்தா சில போர்டுல "சிபியூ ஃபேன் எரர்"னு பூட்டே ஆகாது. ரேடியேட்டர் ஃபேன் ஒண்ணை அங்க குத்திடுங்க.

ஏஐஓ இல்லாம, டி5 மாதிரி தனியா வாங்கிப் போடுற பம்ப்னா முழு வேகம் தேவையே இல்ல. 5% 5% ஆ ஏத்திக்கிட்டே கேபினெட் மேல கை வச்சுப் பாருங்க. ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் தகடு அதிரும். அதைத் தாண்டி ஒரு படி கீழயோ மேலயோ வச்சா போதும்.

ஒன்ட்வென்ட்டி
எல்லாரும் பம்பையே குத்தம் சொல்றீங்க. கோவை நண்பர் சொன்ன அதே ஏற்ற இறக்கத்துல காதைக் குடையறது பெரும்பாலும் ஃபேன்தான். நான் பார்த்த மெஷின்ல கஸ்டம் லூப் (பாகங்களைத் தனித்தனியா வாங்கி நாமே கட்டுறது), ரெண்டு 360 ரேடியேட்டர். ஒரு பிடிஎஃப் திறந்தா ஆறு ஃபேனும் ஒண்ணா உறுமும், மூணு விநாடியில அடங்கும். திரும்ப உறுமும். காரணம், கர்வ் சிபியூ வெப்பத்தைப் பார்த்து ஓடுது.

சிபியூ ஒரு நொடியில 45-லிருந்து 75 போகும். தண்ணி அப்படிப் போகாது. 1 லிட்டர் தண்ணியை 1 டிகிரி ஏத்த ஏறக்குறைய 4,186 ஜூல் வேணும். 200 வாட் சிபியூ முழு மூச்சா ஓடி, ரேடியேட்டர் துளிகூட வெப்பத்தை வெளியே விடலன்னாலும் ஒரு டிகிரி ஏற 21 விநாடி ஆகும். அந்த மூணு விநாடிக்கு ஃபேன் ஓடி எந்தப் பயனும் இல்ல.

அதனால ஜி1/4 மரை (லூப் பாகங்கள்ல வழக்கமா வர்ற மரை அளவு) இருக்குற 10 கிலோ ஓம் வெப்ப சென்சார் பிளக்கை லூப்ல போட்டு, ரெண்டு முள் வயரை மதர்போர்டு T_SENSOR-ல குத்துங்க. (எல்லா போர்டுலயும் இருக்காது, வாங்குறதுக்கு முன்னாடி மேனுவலைப் பாருங்க.) ஃபேன் கர்வ் அந்த நீர் வெப்பத்தைப் பார்க்கட்டும். அறை 32 டிகிரின்னா: 38 வரைக்கும் 600 ஆர்பிஎம், 42-ல 900, 46-ல 1,200, 50 தாண்டினா முழு வேகம். நம்ம ஊர் வெயிலுக்கு, வெளிநாட்டு வீடியோவுல சொல்ற 30 டிகிரியைப் போட்டா ஃபேன் எப்பவும் கத்திக்கிட்டேதான் இருக்கும், அறையே 34 இருக்கும்போது தண்ணி 30-க்கு வரவே வராது. 60-ஐ மட்டும் தொட விடாதீங்க, பல பம்புக்கும் மென்ட்யூபுக்கும் அதுதான் எல்லை. ஏஐஓவுல நீர் வெப்பம் தெரியலன்னா பயாஸ்ல "ஸ்டெப் அப்" நேரத்தை (சூடு ஏறினதும் ஃபேன் வேகம் கூட எடுத்துக்குற நேரம்) கூட்டி வைங்க, பாதித் தொல்லை போயிடும்.

திருச்சி_டெஸ்க்
சத்தத்தைப் பத்தி இல்ல இது. கிராபிக்ஸ் கார்டோட பின்தகட்டுல ஒரு சொட்டு பச்சைத் தண்ணி. ரேடியேட்டர் புதுசு, ஃபிட்டிங் எல்லாம் காய்ஞ்சு கிடக்கு. இடம் பத்தலன்னு 25 மிமீ ஃபேனைக் கழட்டி 15 மிமீ ஸ்லிம் ஃபேன் போட்டிருக்காங்க, ஸ்க்ரூ அதே 30 மிமீ. மிச்ச 15 மிமீயும் ரேடியேட்டருக்குள்ள போய் தண்ணி ஓடுற தட்டைக் குழாயைக் குத்திடுச்சு.

ஃபேன் தடிமன், நடுவுல கேபினெட் தகடு வந்தா அதுவும், கூட 4–5 மிமீ. அதுக்கு மேல ஒரு ஸ்க்ரூவும் வேண்டாம். ஓட்டைக்கு அடியில காப்புத் தகடு இருக்குற ரேடியேட்டரும் உண்டு, வாங்கும்போதே டார்ச் அடிச்சுப் பாருங்க.

மதுரை_லூப்
@ஒன்ட்வென்ட்டி, கர்வ் சரி. ஆனா ஒரு ஆபத்தைச் சொல்லாம விட்டுட்டீங்க. பம்ப் நின்னுட்டா சூடு சிபியூ மேல உக்காந்திருக்குற வாட்டர் பிளாக்லயே தங்கிடும், சென்சார் இருக்குற இடத்துல தண்ணி 36-ஐத்தான் காட்டும். ஃபேன் அமைதியா 600-ல சுத்தும், சிபியூ 100-ஐத் தொட்டு வேகம் குறையும். அப்படி ஒரு மெஷினைப் பார்த்தாச்சு, "கம்ப்யூட்டர் திடீர்னு ஸ்லோ"ன்னுதான் புகார், சூடுன்னு யாருக்கும் தோணல. பம்போட ஆர்பிஎம் வயரை கண்டிப்பா போர்டுல குத்தி, பயாஸ்ல கீழ்வரம்பு எச்சரிக்கையை ஆன் பண்ணுங்க. நீர் வெப்பத்தை மட்டும் நம்பி லூப் ஓட்டக் கூடாது.

ஒன்ட்வென்ட்டி
ஒத்துக்கறேன் அண்ணே. சிபியூ 90 தாண்டினா ஃபேனும் முழு வேகம் போற மாதிரி ரெண்டு கர்வையும் சேர்த்து, எது பெருசோ அதை எடுக்கச் சொல்லலாம். ஃபேன் கன்ட்ரோல் மென்பொருள்ல "மேக்ஸ்" மிக்ஸ் இருக்கு.

வெள்ளைப்படிவு
தண்ணி 38, சிபியூ 92. ஆரம்பத்துல அதே லோடுல இடைவெளி 30 தான் இருந்துச்சாம், இப்ப 54. சிபியூவுக்கும் பிளாக்குக்கும் நடுவுல பூசுற பேஸ்ட்டை மாத்தியும் மாறல. பிளாக்கைத் திறந்தா நுண்துடுப்புக்கு (மெல்லிய உலோகத் தகடுகள்) நடுவுல வெள்ளையா பசை. கண்ணாடி மாதிரி தெரியுற பிவிசி ட்யூப்ல இருந்து ஊறி வந்த பிளாஸ்டிசைசர். பழைய டூத் பிரஷ், டிஸ்டில்டு வாட்டர், ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற திரவம் போதும். நிக்கல் பூச்சு இருந்தா வினிகர் வேண்டாம். திரும்ப மூடும்போது ஓ-ரிங் பள்ளத்துல சரியா உக்காந்திருக்கான்னு பாருங்க. ட்யூபை ஈபிடிஎம் கருப்பு ரப்பருக்கு மாத்திடுங்க.

யாரும் கேக்கலன்னாலும் சொல்லிடறேன், ஏன்னா முக்கால்வாசிப் பிரச்சினை நிரப்புற அன்னைக்கே உள்ள போயிடுது. புது ரேடியேட்டர்ல சால்டரிங் ஃபிளக்ஸ் மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் பாதி ஊத்தி, வாயை மூடி, நல்லா குலுக்கி, வர்ற தண்ணி தெளிவாகுற வரைக்கும் திரும்பத் திரும்ப அலசுங்க. கேன் தண்ணி, ஆர்ஓ தண்ணி வேண்டாம். செம்பு ரேடியேட்டரோட அலுமினிய ஃபிட்டிங்கைச் சேர்க்காதீங்க, அலுமினியம் அரிச்சிடும். நிரப்புறதுக்கு முன்னாடி காத்து அழுத்தத்துல கசிவு பாருங்க. 0.5 பார் ஏத்தி அரை மணி நேரம் முள் இறங்காம நிக்கணும், ரிசர்வாயர் (தண்ணித் தொட்டி) அக்ரிலிக்னா அதோட மேனுவல் வரம்பைத் தாண்டாதீங்க.

அப்புறம் மதர்போர்டு, கார்டு வயரையெல்லாம் எஸ்எம்பிஎஸ்ல (பவர் சப்ளை) இருந்து கழட்டிட்டு, 24 முள் கனெக்டர்ல ஜம்பர் பிளக் (போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ்ஸை ஆன் பண்றது) போட்டு பம்பை மட்டும் ஓட்டுங்க. ரிசர்வாயர் நிறைஞ்சதும் ஆன், மட்டம் இறங்கினதும் உடனே ஆஃப். நிரப்பி, திரும்ப ஆன். டி5-க்கு தண்ணிதான் பேரிங்குக்கு எண்ணெய், வறண்டு ஓடினா அப்பவே தேய்மானம். குமிழ் வர்றது நிக்கிற வரைக்கும் கேபினெட்டை நாலு பக்கமும் சாய்ச்சுப் பாருங்க. அன்னைக்கே முழு லோடுல சிபியூ, தண்ணி ரெண்டோட வெப்பத்தையும் எழுதி கேபினெட் கதவுக்குப் பின்னாடி ஒட்டுங்க. பிளாக் அடைக்குதான்னு பின்னாடி சொல்லப்போறது அந்த இடைவெளி ஒண்ணுதான்.

கோவை_கூலர்
ஈபிடிஎம்ல 10/16 (உள் விட்டம் 10, வெளி விட்டம் 16 மிமீ) எடுங்க. 10/13 வளைவுல மடங்கிடும்.

ஏழுஇறகு
இதை யாருமே சொல்லல: வூம்... வூம்னு விநாடிக்கு ஒரு தடவை வர்ற சத்தம். ரேடியேட்டர்ல மூணு ஃபேன், அதுல பக்கத்து பக்கத்துல ரெண்டு, 7 இறகு, ஒண்ணு 902 ஆர்பிஎம், இன்னொண்ணு 910. எட்டு சுத்து வித்தியாசமே அந்தத் துடிப்பைக் கொடுத்துடுது. ஒரு ஃபேனை கையால நிறுத்தினதும் சட்டுனு போச்சு, அப்பதான் பம்ப் மேல இருந்த சந்தேகம் தீர்ந்துச்சு. நடு ஃபேனை மட்டும் தனி ஹெடர்ல குத்தி 80 ஆர்பிஎம் குறைச்சா முடிஞ்சுது. ஸ்ப்ளிட்டர் வயர்ல மூணையும் ஒரே ஹெடர்ல கட்டினவங்களுக்கு மட்டும் இது முடியாது.