மறு: மறு: ஹூஃப் ஆப்சஸ் – குளம்புச் சீழ்க்கட்டியா, குளம்புச்சீழா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். குதிரையின் காலில் தொடங்கிய இழை இப்போது புணர்ச்சி விதியில் வந்து நிற்கிறது. ஒற்று மிகுமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த நோயில் வலி மிகும் என்பது மட்டும் உறுதி. முதலில், குதிரையின் குளம்புக்குள் சீழ் கோக்கும் நோயான 'ஹூஃப் ஆப்சஸ்' என்பதற்குத் தமிழ்ச் சொல்லை முடிவு செய்வோம்.

> ஆப்சஸ் என்றால் சீழ்க்கட்டி என்று எல்லா அகராதியிலும் இருக்கிறது. முன்னால் குளம்பைச் சேர்த்தால் வேலை முடிந்தது. இதற்கு ஏன் இத்தனை மடல்?

ஐயா, அகராதி சொல்வது சரிதான். தோலுக்குக் கீழே சீழ் கோத்தால் தோல் இளகிக் கொடுக்கும், மேடு தட்டும், பழுக்கும், உடையும். அதனால் அது கட்டி. குளம்புச் சுவரும் அடித்தகடும் கொம்பைப் போல இறுகியவை, இம்மியும் கொடுக்காது. உள்ளே கொஞ்சம் சீழ் சேர்ந்தாலே விரிய இடமில்லாமல் அழுத்தம் முழுவதும் உள்ளிருக்கும் உயிர்த்தசை மேல் விழுகிறது. நகச்சுற்று வந்து விடிய விடிய விழித்திருந்தவர்களுக்கு இந்த வலியை விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வித்தியாசம், குதிரை அந்த நகத்தின் மேலேதான் நிற்க வேண்டும்.

முந்தின நாள் மாலை நன்றாக ஓடிய குதிரை காலையில் மூன்று காலில் நிற்கும். எலும்பு முறிந்துவிட்டது என்றே வளர்ப்பவர் பயப்படுவார். அவர் கையில் 'குளம்புச் சீழ்க்கட்டி' என்று தலைப்பிட்ட கையேட்டைக் கொடுத்தால் முதலில் எதைத் தேடுவார்? கட்டியை. குளம்பைச் சுற்றித் தடவிப் பார்ப்பார், ஒன்றும் தட்டுப்படாது. 'சரி, இது தோள்பட்டைப் பிடிப்பு' என்று எண்ணெய் போட்டு நீவத் தொடங்குவார். எனக்கு இந்தச் சொல்லோடு உள்ள சண்டை இவ்வளவுதான்.

> கணுவரை கால் வீங்கியதை நானே பார்த்திருக்கிறேன். அப்படியானால் கட்டி என்பது பொருந்துகிறதே?

வீங்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீக்கம் குளம்புக்கு மேலே உள்ள மென்தசையில் வருவது. சீழ் இருப்பது கீழே, குளம்புக்குள். வீங்கிய இடம்தான் கட்டி என்று நினைத்து அங்கே பற்றுப் போட்டால், பற்றும் வீண், நாளும் வீண்.

தேட வேண்டிய அறிகுறிகள் வேறு. கணுவுக்குப் பின்பக்கம், இரு ஓரங்களிலும் இரண்டு விரலை மெல்ல வைத்தால் நாடி தட்டும். நலமாக இருக்கும் குதிரையில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சீழ் கோத்த காலில் வைத்த உடனே விரலைத் தூக்கி அடிக்கும். அந்தக் குளம்பு மற்றவற்றைவிடச் சூடாகவும் இருக்கலாம். பிறகு மருத்துவர் பெரிய இடுக்கியால் குளம்பைச் சுற்றி ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வருவார். சீழ் இருக்கும் இடம் வந்ததும் குதிரை காலைப் பறித்துக்கொள்ளும்.

> 'குளம்பழுகல்' என்பது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். புதிதாக எதற்கு?

புழக்கத்தில் இருப்பதால்தான் வேண்டாம் என்கிறேன். ஆடு வளர்ப்பவர்களுக்கு அது வேறு நோய். குதிரைக்கும் அழுகல் உண்டு: ஈரமும் சாணமும் தேங்கிய கொட்டிலில் நின்று, அடிப்பக்கம் நாறிக் கறுத்துக் கூழாவது. அது வெளியிலிருந்து அரிப்பது. நாம் பேசுவது உள்ளே அடைபட்டது. இன்னொரு நண்பர் கோமாரியையும் இதில் இழுத்திருந்தார். குதிரைக்குக் கோமாரி வராது. அது பிளந்த குளம்புள்ள விலங்குகளின் நோய்.

'குளம்புப் புண்' என்று முன்மொழிந்தவருக்கு ஒரு துணை உண்டு. ஜெர்மன்காரர்கள் ஹூஃப்கெஷ்வூர் என்றும் டச்சுக்காரர்கள் ஹூஃப்ஸ்வேர் என்றும் ஏறக்குறைய இதே பொருளில்தான் சொல்கிறார்கள். ஆனால் தமிழில் புண் என்றால் கண்ணுக்குத் தெரிவது, மருந்து தடவக்கூடியது. இங்கே தடவ இடமே இல்லை.

'சரளை நோய்' என்ற பரிந்துரைக்கு மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அந்தக் காலத்து இங்கிலீஷ் லாடக்காரர்கள், பொடிக்கல் ஒன்று அடியில் புகுந்து குளம்புக்குள்ளேயே மேலேறி, குளம்பும் தோலும் சேரும் மயிர்க்கோட்டருகே வெளியே வருகிறது என்று நம்பி 'கிராவல்' என்று பெயர் வைத்தார்கள். மேலேறுவது சீழ்தான். அவர்கள் நம்பிக்கையை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

> என் ஓட்டு 'குளம்புப்புரை'க்கு. புரையோடுதல் என்ற அழகான வினை நம்மிடம் இருக்கிறது.

எனக்கும் இதில்தான் ஆசை. சீழ் எங்கே இடம் இளகியிருக்கிறதோ அங்கே வழி பண்ணிக்கொண்டு போகும். பெரும்பாலும் சுவரும் அடித்தகடும் சேரும் வெண்கோட்டில் கிருமி புகுகிறது: மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து அந்தக் கோடு விரிசல் விடும்போது, லாட ஆணி உயிர்த்தசைக்கு ரொம்ப நெருங்கி இறங்கும்போது, கல் குத்திக் கன்றிய இடத்தில். கீழே வழி கிடைக்காவிட்டால் சுவரின் உள்பக்கமாக ஏறி மயிர்க்கோட்டிலோ குதியிலோ உடைத்துக்கொண்டு வரும். புரையோடுதல் என்ற வினை இதற்கென்றே பிறந்த மாதிரி இருக்கிறது. ஆனால் கண்புரை ஒருபக்கம், எலும்புப்புரை இன்னொரு பக்கம். குளம்புப்புரை என்றதும் குளம்பு பஞ்சுபோல் ஆகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். நோய் தொடங்கும்போது புரை இருப்பதுமில்லை; வெறும் சீழ்தான்.

ஆகவே என் முன்மொழிவு: நோய்க்குக் குளம்புச்சீழ். அது ஓடிய வழிக்குச் சீழ்ப்புரை. உடைத்துக்கொண்டு வரும் துளைக்குப் புரைவாய். 'குளம்புல சீழ் கோத்திருக்கு' என்று சொன்னால் லாடம் அடிப்பவருக்குப் புரியும். அந்தியூர் குதிரைச் சந்தையில் போய்ச் சொன்னாலும் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

சிகிச்சைச் சொற்களில் சண்டை குறைவு. போல்ட்டிஸ் என்பதற்குப் 'பற்று' இருக்கிறது. 'பூச்சுக்கட்டு' என்றெல்லாம் புதிதாகக் கட்ட வேண்டாம். எப்சம் சால்ட் பேதியுப்புதான். ட்ரெய்னேஜ் என்பதற்கு 'வடிகால்' போட்டிருந்தார்கள். சாக்கடை நினைவுதான் வருகிறது. சீழ் வடித்தல் என்று வினையாகவே எழுதுவோம்.

பதிவுக்கு என் வரைவு கீழே. வெட்டலாம், ஒட்டலாம்.

*குளம்புச்சீழ்: குளம்பின் கொம்புப் பகுதிக்குள் கிருமித்தொற்றால் சீழ் கோத்துக்கொள்வது. குதிரை திடீரென்று கடுமையாக நொண்டும். மருத்துவரோ, பயிற்சி பெற்ற லாடக்காரரோ வெண்கோட்டில் தெரியும் கறுத்த தடத்தைக் குளம்புக் கத்தியால் மெல்லிய சீவல்களாகச் சீவிக்கொண்டே பின்தொடர்வர். சீழை எட்டியதும் சாம்பலோ கறுப்போ ஆன, நாற்றமடிக்கும் நீர் கசியும், சிலசமயம் பீய்ச்சும். சீழ் வடிந்தால் வலி சட்டென்று குறையும். துளை சிறிதாக இருந்தால் போதும். அகலமாகத் தோண்டினால் அடித்தசை பிதுங்கி ஆற நாளாகும். பிறகு வெதுவெதுப்பான பேதியுப்பு நீரில் ஊறவைத்தோ பற்றுப் போட்டோ, அழுக்குப் புகாமல் கட்ட வேண்டும். சீழ் எளிதில் எட்டாத ஆழத்தில் இருந்தால் கண்டபடி தோண்டாமல், பற்றுப் போட்டுக் கொம்பை இளக்கிக் காத்திருப்பதும் உண்டு. ரணஜன்னித் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்; அந்த நோய் குதிரையை எளிதில் தாக்கும்.*

கட்டுக்குக் குழந்தைகளின் டயப்பரும் மேலே டக்ட் டேப்பும் உலகம் முழுக்க வழக்கம். பதிவில் போடலாமா என்று தயங்கி விட்டுவிட்டேன். போட வேண்டும் என்பவர்கள் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் ஊசியை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அடைபட்ட சீழை வடிக்காமல் ஊசி மட்டும் போட்டுப் பெரிய பயன் இல்லை. ஆழத் தொற்று என்றால் மருத்துவர் முடிவு செய்வார். புரைவாய் மயிர்க்கோட்டில் திறந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு கீற்று விழும்; அது குளம்போடு வளர்ந்து கீழே இறங்கித் தேய்ந்து போக முன்பக்கத்தில் 9 முதல் 12 மாதம் ஆகும். அதைப் புது வெடிப்பு என்று பயப்பட வேண்டாம் என ஒரு வரி சேர்க்கலாம்.

கடைசியாக ஒரு சிக்கல். பதிவில் ஓர் எச்சரிக்கை அவசியம். அடிப்பக்கம் நடுவில் இருக்கும் அந்த முக்கோண ரப்பர் போன்ற பகுதியில், ஆங்கிலத்தில் 'ஃபிராக்' என்பார்களே, அங்கே ஆணி ஏறியிருந்தால் அது சாதாரணக் குளம்புச்சீழ் கணக்கில் வராது. ஆணி உள்ளே தசைநாரையோ மூட்டையோ தொட்டிருக்கலாம். குதிரையின் உயிருக்கே ஆபத்து. ஆணியைப் பிடுங்காமல், மேலும் உள்ளே இறங்காதபடி சுற்றிலும் மெத்தை வைத்து மருத்துவரைக் கூப்பிட வேண்டும். எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்பது ஆணியோடு எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

இதை எழுத அந்தப் பகுதிக்குப் பெயர் வேண்டும். போன மடலில் 'தவளை' என்றே ஒருவர் பெயர்த்திருந்தார். 'தவளையில் ஆணி ஏறினால்' என்று படித்துவிட்டு யாரும் மருத்துவரைக் கூப்பிடப் போவதில்லை. பிரெஞ்சில் சிறுமுட்கரண்டி, ஜெர்மனில் கதிர், இலத்தீனில் ஆப்பு. வடிவத்துக்கு ஆப்புதான் பொருத்தம். ஆனால் 'குதிரைக்கு ஆப்பு' என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். லாடம் அடிப்பவர்கள் யாராவது பழக்கமிருந்தால் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வரும்வரை பதிவில் 'அடிக்குளம்பின் நடுமுக்கோணம்' என்றே விட்டுவைக்கிறேன்.