கடற்கொள்ளையர் ஆப்பராவைத் தமிழில் போடுகிறோம், மெட்டை மாற்றலாமா?

குளச்சல் காற்று:
நாகர்கோவிலில் நாங்கள் பதினாறு பேர் சேர்ந்து ஆசைக்கு நாடகம் போடுகிறோம். பாங்க் வேலை, டீச்சர் வேலை, ரெண்டு பேர் கடலுக்குப் போகிறவர்கள். கிறிஸ்துமஸ் லீவுக்கு கில்பர்ட்டும் சல்லிவனும் எழுதிய 'பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' என்ற ஆங்கிலப் பாட்டு நாடகத்தைப் போடுவதாகத் தலையைக் கொடுத்தாச்சு. கதை தெரியாதவர்களுக்கு: பையனைக் கப்பல் 'பைலட்'டிடம் தொழில் பழக விடச் சொன்னால், காது மந்தமான ஆயா அதை 'பைரேட்' என்று கேட்டு கொள்ளைக்காரர்களிடம் விட்டுவிடுகிறாள். 21 வயதானதும் கிளம்பிவிடலாம் என்று இருக்கிறான், ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதோ 21-வது பிறந்தநாள், அவன் பிறந்தது பிப்ரவரி 29, ஆக இதுவரை வந்தது ஐந்தே பிறந்தநாள்!

சிக்கல் என்னவென்றால் அந்த பைலட்-பைரேட் சிலேடை தமிழில் வரவே மாட்டேன் என்கிறது. நாடகத்தில் வருகிற மேஜர் ஜெனரலின் வேகப் பாட்டை ஒரு மாதமாக மொழிபெயர்க்கிறோம், நாலாவது வரியில் எல்லோருக்கும் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. பேசாமல் எல்லா மெட்டையும் நம்ம ராகத்துக்கு மாற்றிவிடலாமா? உரிமைப் பிரச்சினை ஏதும் வருமா?

பழைய டெனர்:
உரிமைக்குப் பயப்பட வேண்டாம் தம்பி. சல்லிவன் 1900-லும் கில்பர்ட் 1911-லும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது யாராவது புதிதாக அமைத்து விற்கிற இசைக்குறிப்பை மட்டும் கேட்காமல் எடுக்காதீர்கள், பழைய பதிப்பே போதும். இந்த ஆப்பரா 1879 கடைசியில் நியூயார்க்கில் அரங்கேறியதே அமெரிக்காக்காரர்கள் காசு கொடுக்காமல் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான், கில்பர்ட்-சல்லிவனின் முந்தைய நாடகத்தை அங்கே அப்படித்தான் சூறையாடியிருந்தார்கள்.

மெட்டையெல்லாம் மாற்றினால் எனக்குக் கோபம் வரும். நம்ம ஊர் சர்ச் குவயர்களில் சின்ன வயதிலிருந்தே நாலு பாகமாகப் பாடிப் பழகியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! முதல் அங்கத்தில் கொள்ளைக்காரர்கள் உட்பட எல்லோரும் திடீரென்று கவிதையை வாழ்த்தி வாத்தியமே இல்லாமல் பாடுவார்கள் இல்லையா, அதை அவர்களிடம் கொடுங்கள். ஆராதனையில் பாடுவதுபோல முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு பாடட்டும், சிரிப்பு தன்னால் வரும். கீபோர்டை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

தோவாளை பூக்கடை:
டெனர் சார் சொல்வது அந்தப் பாட்டுக்குச் சரி. ஜெனரல் பாட்டை வில்லுப்பாட்டில் விடுங்கள் மக்களே. ஒவ்வொரு பகுதி முடிவிலும் கடைசி வரியைக் கூட்டம் திருப்பிப் பாடுகிற பாட்டுதானே அது, நம்ம பின்பாட்டுக்காரர்கள் செய்வதும் அதைத்தான், நடுவில் ஒரு 'ஆமா' சேரும், அவ்வளவுதான். வார்த்தையை மொழிபெயர்க்காதீர்கள், எனக்கு இதெல்லாம் தெரியும் என்று ஜெனரல் அடுக்குகிற பட்டியலை மாற்றுங்கள். எல்லாம் தெரிந்த ஜெனரலுக்குப் போர் மட்டும்தான் தெரியாது, அதுதான் தமாஷ். குளச்சல் சண்டை நடந்தது 1741 என்று தெரியும், அதில் தோற்ற டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையில் எந்த மூலையில் என்று தெரியும், துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. ஊர்க்காரன் சிரிக்காமல் என்ன செய்வான்?

சிலேடைக்கு, படகை வள்ளம் என்கிறோமே, 'வள்ளக் கூட்டத்தில் சேர்த்துவிடு' என்றதை ஆயா 'கள்ளக் கூட்டத்தில் சேர்த்துவிடு' என்று கேட்கட்டும். ஒரே எழுத்து.

கணக்கு டீச்சர்:
ஒரு ஓட்டை இருக்கிறது. எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் நட்சத்திரம்தான், அது வருடா வருடம் வந்துவிடும். முன்வரிசைப் பாட்டி 'பயலுக்கு நட்சத்திரம் இல்லையா' என்று கேட்டால் மொத்தக் கதையும் காலி. ஒப்பந்தத்திலேயே 'இங்கிலீஷ் தேதிப்படி' என்று ஒரு வரி போட்டு, கொள்ளைக்காரத் தலைவன் வக்கீல் மாதிரி அதை வாசிக்கட்டும். கதையை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்தால் பையன் 2004-ல் பிறந்தவன், 21-வது பிறந்தநாள் 2088-ல் வரும். அதுவரை காத்திருக்கிறேன் என்று காதலி சொல்லும்போது கொஞ்சம் நேரம் விட்டுப் பேசச் சொல்லுங்கள்.

குளச்சல் காற்று:
வள்ளம்-கள்ளம் நேற்று ஒத்திகையில் சொல்லிப் பார்த்தோம், கடலுக்குப் போகிற ரெண்டு பேரும்தான் அதிகம் சிரித்தார்கள். நட்சத்திர வரியையும் சேர்த்தாச்சு டீச்சர். வில்லு ஒன்று கிடைத்துவிட்டது, குடம் அடிக்கவும் ஆள் இருக்கு, ஆமா போடத்தான் யாரும் இல்லை. தோவாளை அண்ணாச்சி, சனிக்கிழமை சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வர முடியுமா?