பாட்டியின் வெள்ளிக் கத்தி ஆடுகிறது, உதவி தேவை

பாட்டி வழியாக வந்த ஸ்டெர்லிங் வெள்ளிக் கரண்டி, முள்கரண்டி, கத்தி செட் ஒன்று என்னிடம் இருக்கிறது. கரண்டிகளின் பின்புறத்தில் சின்னச் சின்ன முத்திரைகள்: நடக்கும் சிங்கம், பக்கத்தில் நங்கூரம், அப்புறம் ஓர் எழுத்து. சிங்கம் என்றால் 92.5 சதவீத வெள்ளி, நங்கூரம் என்றால் பர்மிங்காமில் சோதித்தது. வருடத்தைச் சொல்லும் அந்த எழுத்துதான் தேய்ந்துபோய், சின்ன 'பி'யா 'எச்'சா என்றே புரியவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. அவசரத்தில் ஒரு கத்தியைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுவிட்டேன் (என் புத்தி!). பிடி உள்ளே வெறும் கூடுதானே, அதில் நிரப்பியிருந்த அரக்கு இளகி அலகு ஆடுகிறது. மறுபடி அரக்கே வைக்கலாமா, எபாக்ஸி பசை போடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பூவேலைப்பாட்டு இடுக்கில் இருக்கும் கறுப்பை மட்டும் தேய்க்கச் சொல்லாதீர்கள், அதுதான் அழகு.