செம்பனையில் ஆண் பூவாகவே வருகிறது, குலை காணோம். மரம் கெட்டுவிட்டதா?

பகாவ்_தோட்டம்:
வணக்கம். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பகாவ் பக்கம் நாலு ஏக்கர் செம்பனை (பாமாயில் தரும் எண்ணெய்ப் பனை), 12 வயது மரங்கள். போன வருஷம்வரை காய்ப்பில் குறையில்லை. இப்போது பாதி மரங்களில் மட்டைக்கு மட்டை ஆண் பூதான். மழை தாராளமாகப் பெய்கிறது, உரமும் வழக்கம்போல்தான் போடுகிறோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர், ‘மரம் ஆணாகிவிட்டது, சாய்த்துவிட்டு மறுநடவு செய்’ என்கிறார். இன்னொருவர், ஆண் பூவையெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டு உரத்தை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

குருத்து:
மரத்தைச் சாய்க்காதீர்கள் அண்ணே. ஒரே செம்பனையில்தான் ஆண் பூவும் பெண் பூவும் மாறிமாறி வரும். ஒவ்வொரு மட்டை இடுக்கிலும் ஒரு பூ மொட்டு உண்டு. அது ஆணா பெண்ணா என்பது பூ மலர்வதற்கு ஏறக்குறைய 18 முதல் 24 மாதத்துக்கு முன்பே, மட்டை இன்னும் குருத்துக்குள் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வருஷ மழையைப் பார்த்துப் பயனில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்திய மழைக் கணக்கை எடுங்கள். மாதம் 100 மில்லிமீட்டருக்குக் கீழே இரண்டு மூன்று மாதம் தொடர்ந்திருந்தால் காரணம் அதுதான். நெகிரி செம்பிலானின் உட்பகுதிக்கு மலைகள் மழையை மறைக்கின்றன. தீபகற்ப மலேசியாவிலேயே மழை குறைந்த வட்டாரம் அங்குள்ள ஜெலுபு. உங்கள் பக்கம் வறட்சி சீக்கிரம் உறைக்கும்.

மரம் ஏன் ஆண் பூவுக்குப் போகிறது? காற்று காய்ந்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். தண்ணீர் மிஞ்சும், ஆனால் கரியமில வாயு உள்ளே வராது, சர்க்கரை உற்பத்தி விழும். எண்ணெய் நிறைந்த 20 கிலோ குலையை வளர்க்க ஆகும் சக்தியோடு ஒப்பிட்டால் ஆண் பூவுக்கு ஆகும் செலவு சொற்பம். மகரந்தம் மூலமாக வாரிசும் கிடைத்துவிடும். செம்பனைக்குக் கிளை இல்லை, உச்சியில் ஒரே ஒரு வளர்முனைதான். அது செத்தால் மரமே செத்தது. கையிருப்பு குறையும்போது முதல் பங்கு அதற்கும் மட்டைகளுக்கும் போகும். குலைக்குக் கடைசிப் பங்குதான். ரப்பர் மரம் பிப்ரவரி, மார்ச்சில் இலையைக் கொட்டிச் சமாளிக்கும். செம்பனைக்கு அந்த வழி இல்லை, அதனால் காய்ப்பைக் குறைத்துக்கொள்கிறது.

இன்னொரு அடியும் உண்டு. பெண்ணாக முடிவான மொட்டுகூட, மலர்வதற்கு நாலைந்து மாதம் இருக்கும்போது வறட்சி வந்தால் இடுக்கிலேயே கருகிவிடும். மலர்ந்த பூ குலையாகப் பழுக்க இன்னும் ஐந்தாறு மாதம். ஆக, ஒரே வறட்சி பத்து மாதம் கழித்து ஒருமுறை, இரண்டு வருஷம் கழித்து மறுமுறை அடிக்கும். 2015-16 எல் நினோ வறட்சிக்குப் பிறகு மலேசியாவின் பாமாயில் உற்பத்தி 19.96 மில்லியன் டன்னிலிருந்து 2016-இல் 17.32 மில்லியனுக்கு இறங்கியது. 2017-இல் மீண்டும் ஏறிவிட்டது. மரம் கெடவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வண்டுக்காரர்:
ஆண் பூவை அறுக்கவே அறுக்காதீர்கள். செம்பனையில் மகரந்தம் சேர்ப்பது காற்றைவிட அதிகமாக ஒரு சின்ன வண்டுதான். கெமரூனிலிருந்து கொண்டுவந்து 1981-இல் இங்கே விட்டார்கள். அதற்கு முன் பல தோட்டங்களில் ஆள் வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள். மலர்ந்த ஆண் பூவின் கிட்டே போனால் சோம்பு வாசம் மூக்கில் ஏறும், மஞ்சள் தூளுக்குள் பழுப்பு வண்டுகள் மொய்த்துக்கொண்டிருக்கும். பெண் பூவும் விட்டுவிட்டு அதே வாசத்தை வீசும். வண்டு ஏமாந்து அங்கே போய் உடம்பில் ஒட்டிய தூளை உதிர்த்துவிட்டு வரும். முட்டையிடுவதும் புழு வளர்வதும் ஆண் பூவில் மட்டும்தான், வாடிய பிறகும் அதிலேதான். இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை பறக்கும். அறுத்து எறிந்தால், பெண் பூ திரும்பும் நேரத்தில் வண்டு இருக்காது. குலை நடுவில் பிஞ்சு பொய்த்துப் போகும். எலியும் வாடிய ஆண் பூவைக் கிழித்துப் புழுவைத் தின்னும். எலியைப் பிடிக்கும் கூகைக்குக் கூண்டு இல்லையென்றால் ஒன்று வையுங்கள்.

பகாவ்_தோட்டம்:
தெளிவாகப் புரிந்தது, நன்றி. அப்படியானால் உரம்? போன தடவை குலை வெட்டியவர் மட்டையையும் நிறைய இறக்கிவிட்டார், அதுவும் காரணமாக இருக்குமா?

குருத்து:
இப்போது வந்திருக்கும் பூவுக்கு அது காரணமில்லை, அது முன்பே முடிவானது. ஆனால் இனி வரும் பூவைப் பாதிக்கும். இலை குறைந்தாலும் மரத்துக்குப் பட்டினிதான், அப்போதும் ஆண் பூ கூடும். 12 வயது மரத்தில் 40 மட்டைக்குக் குறையக் கூடாது. எண்ணுவது சுலபம்: மட்டைகள் எட்டு வரிசையாகச் சுற்றி இறங்கும், வரிசைக்கு ஐந்து நின்றால் போதும். பழுத்த குலைக்குக் கீழே ஒரு மட்டையாவது நிற்கட்டும்.

உரத்தை இரட்டிப்பாக்கினால் ஏற்கெனவே முடிவான பூ மாறாது, காசுதான் போகும். முதலில் இலைச் சோதனை. முழுதாக விரிந்த இளம் மட்டை 1. அதே வரிசையில் அதற்குக் கீழே 9, அடுத்தது 17. பதினேழாம் மட்டையின் நடுப்பகுதி ஓலைகளை எடுத்து ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். பொட்டாசியம் 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொட்டாஷ் உரத்தைக் கூட்டலாம், ஏனென்றால் இலைத்துளையைத் திறந்து மூடுவதே பொட்டாசியம்தான். யூரியாவைக் காய்ந்த தரையில் போட்டால் அமோனியாவாகக் காற்றில் போய்விடும். மண் ஈரமாக இருக்கும்போது போடுங்கள். அடைமழைக்கு முன்னாலும் வேண்டாம், ஓடிவிடும்.

ஆலையிலிருந்து, பழம் உதிர்த்தெடுத்த வெற்றுக் குலை கிடைத்தால் மரத்துக்கு 250 முதல் 300 கிலோ, வரிசைகளுக்கு நடுவே ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஈரம் காக்கும், பொட்டாசியமும் தரும். குவித்தால் காண்டாமிருக வண்டு அதற்குள் முட்டையிட்டுப் பெருகும், பிறகு குருத்தைத் துளைக்கும்.

அடுத்த வறட்சியில் உச்சியைக் கவனியுங்கள். சாதாரணமாக விரியாத குருத்து ஒன்றிரண்டு நிற்கும். நாலைந்து சேர்ந்து நின்றால் மரத்துக்குத் தண்ணீர் எட்டவில்லை. அந்த மாதத்தைக் குறித்துவைத்தால் காய்ப்பு எப்போது விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம், செலவையும் அதற்கேற்ப ஒதுக்கலாம்.