'போயிருக்க வேண்டும்': மஸ்ட் ஹேவா, ஷுட் ஹேவா?

வளர்பிறை:
'அவன் போயிருக்க வேண்டும்' என்பதை 'ஹி மஸ்ட் ஹேவ் கான்' என்று எழுதுவதா, 'ஹி ஷுட் ஹேவ் கான்' என்று எழுதுவதா? 'போயிருக்கலாம்' என்பதற்கும் மே ஹேவ், குட் ஹேவ் என்று இரண்டு விடை பார்த்தேன். எதை எப்போது எழுத வேண்டும்?

எழுத்தாணி:
நான்குமே சரியான வடிவங்கள்தான். தமிழ் வாக்கியம் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் இரண்டு பொருள் இருக்கிறது.

'செருப்பைக் காணோம், அவன் போயிருக்க வேண்டும்.' இது ஊகம். போய்விட்டான் என்றே நினைக்கிறோம். மஸ்ட் ஹேவ்.
'அத்தனை முறை கூப்பிட்டார்கள், அவன் போயிருக்க வேண்டும்.' இவன் போகவில்லை. அதுதான் குறை. ஷுட் ஹேவ்.

வாக்கியத்தின் கடைசியில் 'ஆனால் போகவில்லை' என்று சேர்த்துப் பாருங்கள். ஒட்டினால் ஷுட் ஹேவ், இடித்தால் மஸ்ட் ஹேவ். ஒரே ஒரு இடத்தில் இந்தச் சோதனை கைகொடுக்காது: 'இந்நேரம் வந்து சேர்ந்திருக்க வேண்டும்' என்று கணக்குப் போட்டு எதிர்பார்க்கும்போது, வந்தாரா இல்லையா என்று தெரியாவிட்டாலும் ஷுட் ஹேவ் வரும்.

'போயிருக்கலாம்' என்பதற்கும் அதே சோதனைதான். 'பேருந்தில் போயிருக்கலாம், ஆனால் நடந்தே போனான்' என்றால் குட் ஹேவ். போனானா என்றே தெரியாதபோது மே ஹேவ், மைட் ஹேவ், குட் ஹேவ் மூன்றும் பொருந்தும். நடக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் மே ஹேவ் எழுதாதீர்கள்.

நடுவெயில்:
எதிர்மறையில்தான் அதிகம் வழுக்கும்.

போயிருக்க முடியாது (ஊகம்): கான்ட் ஹேவ் கான். அமெரிக்க வழக்கில் மஸ்ட் நாட் ஹேவ் என்பதும் உண்டு.
போயிருக்கக் கூடாது: ஷுடின்ட் ஹேவ் கான். போய்விட்டான், அது தவறு.
போயிருக்க வேண்டியதில்லை: நீடின்ட் ஹேவ் கான். போனான், வீண் அலைச்சல். இதையே 'டிடின்ட் நீட் டு கோ' என்று எழுதினால் அவசியம் இருக்கவில்லை என்பது மட்டுமே தெரியும். போனானா என்பதை அந்த வாக்கியம் சொல்லாது.

'போக வேண்டியிருந்தது' என்பதற்கு மஸ்ட் ஹேவ் கான் எழுதுவது பெரிய பிழை. கடமையைச் சொல்லும் மஸ்ட்டுக்கு இறந்தகால வடிவம் கிடையாது. ஹேட் டு கோ என்றுதான் எழுத வேண்டும். மஸ்ட் ஹேவ் போட்ட உடனே படிப்பவர் அதை ஊகமாக எடுத்துக்கொள்வார்.

வளர்பிறை:
சோதனை நன்றாகப் பிடிபட்டது, நன்றி. அப்படியானால் 'நேற்று பூட்டைத் திறக்க முடிந்தது' என்பதற்கு குட் ஓப்பன் எழுதலாமா?

எழுத்தாணி:
வேண்டாம். ஒருமுறை முயன்று நடந்தேறிய செயலுக்கு வாஸ் ஏபிள் டு, அல்லது மேனேஜ்டு டு. 'சின்ன வயதில் நன்றாக நீந்த முடிந்தது' போன்ற பொதுத் திறமைக்குத்தான் குட். 'திறக்க முடியவில்லை' என்றால் தயங்காமல் குடின்ட் எழுதலாம். அங்கே இந்தக் கட்டுப்பாடு இல்லை.

நடுவெயில்:
வடிவத்தையும் கவனியுங்கள். எழுவாய் ஹி, ஷி ஆனாலும் மஸ்ட், ஷுட், குட் போன்ற துணைவினைகளுக்கு (மோடல்) பின் ஹேவ்தான். 'மஸ்ட் ஹேஸ்' கிடையாது. அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம்: கான், வென்ட் அல்ல. பேச்சில் ஹேவ் தேய்ந்து 'அவ்' என்று ஒலிப்பதால் 'குட் ஆஃப்' என்று எழுதிவிடுகிறார்கள். எழுத்தில் அது பிழை.