ஓ-ரிங்கில் கிடந்த ஒரு தலைமுடி

என் ஹவுஸிங்குக்குள், அதாவது கடலுக்கடியில் படமெடுக்கக் கேமராவை வைத்து மூடும் நீர்புகாப் பெட்டிக்குள், தண்ணீர் ஏறியது வெறும் 2 மீட்டர் ஆழத்தில். படகிலேயே பேட்டரி மாற்றிவிட்டு, தலையில் ஈரம் சொட்டச் சொட்ட மூடினேன். இறங்கியதும் கீல் பக்கத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. வெளியே ஒட்டியிருந்த காற்றுதான் என்று நினைத்துவிட்டேன். மறுபடி பார்த்தபோது ஹவுஸிங்கின் கண்ணாடிக்குள் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. மேலே வந்து பேட்டரியைக் கழற்றியும் கேமரா பிழைக்கவில்லை. மெமரி கார்டு மட்டும் தப்பியது. திறந்து பார்த்தால், மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் குறுக்கே என் தலைமுடி ஒன்று.

ஆழம் கூடினால்தான் ஆபத்து என்று நம்பியிருந்தேன். 10 மீட்டருக்குப் போனால் கூடுதலாக ஒரு வளிமண்டல அழுத்தம் மூடியை ரப்பரோடு சேர்த்து இறுக்கும். மேலே அந்த உதவி கிடையாது, கொக்கியின் பிடி மட்டும்தான். தலைமுடியின் ஓரமாகத் தண்ணீர் நுழைய அந்தத் தளர்வு போதும்.

கிரீஸ் விஷயத்திலும் தப்பு செய்திருக்கிறேன். தண்ணீரைத் தடுப்பதே கிரீஸ்தான் என்று நினைத்து அப்பி வைப்பேன். தடுப்பது ரப்பர், கிரீஸ் அது முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்கார மட்டும். மிச்சமெல்லாம் மணலையும் பஞ்சையும் இழுத்து வைக்கும். இப்போது மிளகளவு எடுத்து விரலில் தேய்த்து, ரிங்கை அதற்குள் உருவி எடுக்கிறேன். லேசாக மினுங்கினால் சரி. உருவும்போதே மணலோ கீறலோ இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். சிலிகோன் ரப்பர் ரிங் என்றால் தயாரிப்பாளர் சொன்ன கிரீஸ்தான். சாதாரண சிலிகோன் கிரீஸில் அது ஊதிப்போகலாம்.

ரிங்கை எடுக்க ஊசி, கத்தி வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் விரலால் தள்ளினால் நடுவில் எழும்பி வரும், வராவிட்டால் பிளாஸ்டிக் கார்டின் முனை போதும். ரிங் கெட்டால் புதிது போடலாம், அது உட்காரும் பள்ளத்தில் கீறல் விழுந்தால் என்ன செய்வது? பள்ளத்தைத் துடைக்கப் பஞ்சுக்குச்சியும் நான் தொடுவதில்லை, இழை விட்டுவிடும்.

வருடத்துக்கு ஒருமுறை ரிங்கை மாற்றிவிடுகிறேன். அதற்கு முன்பே தட்டையாகத் தெரிந்தால் உடனே. பட்டன்களுக்குள்ளும் குட்டி ரிங்குகள் உண்டு. அவற்றை நாமே கழற்றுவது கடினம், சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். அதனால் கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி அழுத்தி விடுகிறேன், உள்ளே உப்பு காய்ந்துவிடக் கூடாது.

இப்போதெல்லாம் ஹவுஸிங்கை முந்தின இரவே, தலையில் துண்டு கட்டிக்கொண்டு மூடுகிறேன். புது ரிங் போட்ட பிறகு முதல்முறை கேமரா இல்லாமல் டிஷ்யூ பேப்பர் மட்டும் வைத்து இறக்குவேன். அது காய்ந்தே வந்தால்தான் அடுத்த முறை கேமரா.