ரோவரின் அணு மின்னாக்கியை ஏவுதளத்தில் பொருத்துவது ஏன்?

கேள்வி: 2020 ஜூலையில், நாசா செவ்வாய்க்கு அனுப்பிய பெர்சிவரன்ஸ் ரோவரை அட்லஸ் 5 ராக்கெட்டின் உச்சியில் ஏற்றிய பிறகே அதன் அணு மின்னாக்கியைப் பொருத்தினார்கள் என்று படித்தேன். ரோவரை ஒருங்கிணைத்த கூடத்திலேயே அதைச் செய்திருக்கலாமே?

பதில் 1: முதன்மைக் காரணம் வெப்பம். மின்னாக்கியிலுள்ள 4.8 கிலோ புளூட்டோனியம் டையாக்சைடு சுமார் 2,000 வாட் வெப்பத்தை ஓயாமல் வெளியிடுகிறது; மின்சாரமாகக் கிடைப்பதோ ஏறத்தாழ 110 வாட்தான். அதை அணைத்துவைக்க வழியில்லை என்பதால், பொருத்திய நொடியிலிருந்து, கவசக் கூட்டுக்குள் (செவ்வாயின் வளிமண்டலத்தில் நுழையும்போது காக்கும் உறை) அடைபட்டிருக்கும் ரோவரைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே ராக்கெட்டின் மூக்குக்கூம்பிலும் கவசக் கூட்டிலும் முன்கூட்டியே விடப்பட்ட திறப்புகள் வழியாக, சுமார் 45 கிலோ எடையுள்ள மின்னாக்கியைக் கடைசிக் கட்டத்தில் உள்ளே செலுத்தி இறுக்குகிறார்கள். 2011இல் கியூரியாசிட்டி என்ற செவ்வாய் ரோவருக்கும் இதே முறைதான்.

பதில் 2: கதிர்வீச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாமதமாகப் பொருத்தினால், அருகில் நின்று பணிபுரிவோர் அதற்கு ஆட்படும் நேரம் குறையும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. திறப்பின் வழியாக நுண்ணுயிர்கள் புகுந்துவிடாதா?

பதில் 1: நியாயமான ஐயம். செவ்வாயில் இறங்கும் பாகங்களில் மொத்தம் 3 லட்சம் பாக்டீரிய வித்துகளுக்கு (கடுஞ்சூழலையும் தாங்கும் உறங்குநிலை வடிவம்) மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அதற்காகவே பாகங்களை ஆல்கஹாலால் துடைக்கிறார்கள், சூடு தாங்குபவற்றை 110 டிகிரி செல்சியசுக்கு மேல் உலர்வெப்பத்தில் வைக்கிறார்கள். மூக்குக்கூம்புக்குள்ளும் வடிகட்டிய காற்று ஏவும் வரை செலுத்தப்படுகிறது.